கொரியாவில் வெளிநாட்டவருக்கு ஓட்டு கிடையாதா?

"தென்கொரியாவில் கொரிய ரத்தம் இல்லாத எவருக்கும் குடியுரிமை கிடையாது, ஓட்டும் கிடையாது. நாமும் அப்படி இருக்க வேண்டும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

கொரியக் குடியுரிமைச் சட்டம் வெளிநாட்டவருக்கும் இடம் தருகிறது. பொதுவாக 5 ஆண்டு வசித்திருக்க வேண்டும். கொரியரை மணந்தவருக்கு அது 2 ஆண்டு. மொழித் திறன் போன்ற நிபந்தனைகளும் உண்டு. பிலிப்பைன்ஸில் பிறந்த ஜாஸ்மின் லீ இப்படிக் குடியுரிமை பெற்று, 2012-இல் நாடாளுமன்ற உறுப்பினரே ஆனார்.

சரி, ஓட்டு? குடியுரிமை இல்லாவிட்டாலும், நிரந்தர வசிப்புரிமை பெற்று 3 ஆண்டு ஆனவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 2006 முதலே இது நடப்பில் இருக்கிறது. அதிபர், நாடாளுமன்றத் தேர்தல்களில் மட்டும் அவர்களுக்கு வாக்கு இல்லை.

இதனால் அங்கே பாகுபாடே இல்லை என்று சொல்ல வரவில்லை. தேகு நகரில் முஸ்லிம் மாணவர்கள் மசூதி கட்டியபோது, எதிர்த்தவர்கள் அந்த இடத்துக்கு அருகிலேயே பன்றித் தலைகளை வைத்தார்கள். படித்தபோது மனம் கனத்தது. ஆனால் கட்டுமானத்தை நிறுத்திய உள்ளாட்சி உத்தரவு சட்டவிரோதம் என்பதை 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சமூகம் தயங்குகிற இடத்திலும் சட்டம் அவர்கள் பக்கம் நின்றது. அந்த வாட்ஸ்அப் செய்தி மறைப்பது இதைத்தான்.

கொரிய நீதி அமைச்சகத்தின் 'ஹை கொரியா' தளத்திலும் தேர்தல் ஆணையத் தளத்திலும் விதிகளைச் சரிபார்க்கலாம். கொரியாவில் இருப்பவர்கள் 1345-க்கு அழைத்தும் கேட்கலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.