எல்லா வேலையையும் பூட்ட முடியாது
"செயல்முறை முகாமைத்துவம் என்றால் ஒவ்வொரு படியையும் எழுதிப் பூட்டுவதுதான், தேயிலைத் தொழிற்சாலையில் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கருக்கும் அதுவே போதும்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருப்பது பாதிதான் சரி. கொழுந்து நிறுக்க, செக்ரோல் (தொழிலாளர் வரவுப் பதிவேடு) பதிய அது பொருந்தும். பறித்த கொழுந்தின் ஈரத்தைக் காற்று விட்டுக் குறைக்கும் வாட்டலுக்கு? நுவரெலியாவில் மழைக் கொழுந்து வந்திறங்கும் நாளில் எவ்வளவு நேரம் காற்று விடுவது என்பதை டீமேக்கர் இலையை அள்ளிப் பிசைந்து பார்த்துத்தான் சொல்வார். மணிக்கணக்கைப் பூட்டினால் அன்றைய தேயிலை போச்சு.

இந்த மாதிரி வேலைகளுக்காகவே கணினித் துறைக்குத் தரநிலைகள் வகுக்கும் ஓ.எம்.ஜி. அமைப்பு 2014இல் சி.எம்.எம்.என். என்ற, வேலைகளைப் படமாக வரையும் தனிக் குறியீட்டை வெளியிட்டது. அதில் எந்தப் பணியை எப்போது செய்வது என்பதைச் செய்பவரே தீர்மானிக்கலாம். அதற்கு முந்திய, செயல்முறைப் படிகளை வரையும் பி.பி.எம்.என். 2.0 குறியீட்டில்கூட வரிசை கட்டாத துணைச்செயல்முறை உண்டு. அப்புறம், டீமேக்கருக்கு உதவ வேண்டுமானால் ஈரப்பத அளவையும் நேற்றைய சுவைப்புக் குறிப்பையும் நேரத்துக்கு அவர் கையில் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள்.