டயோனி எங்கிருந்து வந்தாள்?

ஹோமரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சியாகிவிடுகிறது. கிரேக்கக் காவியம் யாரிடமும் எதுவும் வாங்காமல் தானாக முளைத்தது என்பவர்கள் ஒரு பக்கம். அதைவிடப் பழைய மெசபடோமியக் காவியமான கில்காமேஷ் கதையைப் படித்த கையோடு ‘ஹோமர் அப்படியே சுட்டுவிட்டார்’ என்று எழுதிவிடுபவர்கள் இன்னொரு பக்கம். முதலாவது தவறு, இரண்டாவது அவசரம். இரண்டையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஒற்றுமைகளை அடுக்கிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நண்பன் செத்தால் எந்த ஊரிலும் அழத்தான் செய்வார்கள், வெள்ளம் எல்லா ஆற்றிலும் வரும். நான் தேடுவது தையல் தெரிகிற இடத்தை. சொந்தக் கதைக்குத் தேவையே இல்லாத ஓர் ஆள் திடீரென்று வந்து நிற்பார், வேலை முடிந்ததும் காணாமல் போய்விடுவார், அந்த இடத்தில்தான் வேறு துணி ஒட்டியிருக்கிறது என்று தெரியும்.

டயோனியை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டில், ஐந்தாம் காண்டத்தில், டயோமீடிஸ் என்ற வீரன் காதல் தெய்வம் அப்ரோடைட்டின் கையில் ஈட்டியால் குத்திவிடுகிறான். அவள் அழுதுகொண்டே ஒலிம்பஸுக்குப் போய் அம்மா மடியில் விழுகிறாள். அம்மா பெயர் டயோனி. அவள் காயத்தைத் துடைத்துத் தேற்ற, அப்பா, தெய்வங்களின் அரசன் ஜீயஸ், சிரித்தபடி கூப்பிட்டு, சண்டை உன் வேலை இல்லை, கல்யாணக் காரியங்களைப் பார் என்கிறார். சரி, ஆனால் இலியட் முழுக்க ஜீயஸின் மனைவி ஹீராதானே? இன்னொரு பழைய கிரேக்கக் கவியான ஹெசியட்டின் பாடலிலோ அப்ரோடைட் கடல் நுரையில் பிறந்தவள், அவளுக்கு அம்மாவே கிடையாது. இந்த டயோனி ஹோமரில் வேறு எங்கும் தலைகாட்டுவதில்லை. டொடோனா என்ற கிரேக்கப் புண்ணியத் தலத்தில் ஜீயஸோடு சேர்த்து அவளையும் வழிபட்டார்கள் என்பது உண்மைதான், பெயர் கிரேக்கர்களுக்குப் புதிதல்ல. ஆனால் இந்தக் காட்சிக்கு மட்டும் ஏன் வந்தாள்?

இப்போது கில்காமேஷ் கதை எழுதப்பட்ட களிமண் பலகைகளில் ஆறாவதற்கு வாருங்கள். காதல் தெய்வம் இஷ்தார், என்னைக் கட்டிக்கொள் என்று கில்காமேஷைக் கேட்கிறாள். அவனோ அவளுடைய பழைய காதலர்களுக்கு நேர்ந்த கதியை ஒவ்வொன்றாகச் சொல்லி அவமானப்படுத்துகிறான். அவள் வானத்துக்கு ஏறிப்போய் அப்பா அனு, அம்மா அந்து இருவர் முன்னாலும் அழுகிறாள். வம்புக்குப் போனது நீதானே என்கிற மாதிரி அப்பா கேட்கிறார். அந்து என்பது அனு என்ற பெயரின் பெண்பால். டயோனியும் ஜீயஸ் பெயரின் பெண்பால்தான், ஜீயஸ் என்ற சொல் வேற்றுமை ஏற்கும்போது ‘தியோஸ்’ என்று திரியும், அதிலிருந்து வந்தது. இதைக் கவனித்து எழுதியவர் கிரேக்க மதத்தை ஆராய்ந்த அறிஞர் வால்டர் பர்கர்ட். காட்சி மட்டும் வரவில்லை, அப்பாவும் அவர் பெயரின் பெண்பாலைத் தாங்கிய அம்மாவும் என்ற குடும்ப அமைப்பே சேர்ந்து வந்திருக்கிறது. தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதினைந்தாம் காண்டத்தில் இன்னொன்று. ஜீயஸ் தனக்கு உத்தரவு போட்டதும் அவர் தம்பி பொசைடனுக்குக் கோபம் வருகிறது. நாங்கள் மூன்று அண்ணன் தம்பிகள், சீட்டுக் குலுக்கித்தான் பாகப்பிரிவினை செய்தோம், எனக்குக் கடல், ஹேடிஸுக்குப் பாதாளம், ஜீயஸுக்கு வானம், பூமி எல்லோருக்கும் பொது, என்னை அதட்ட அவன் யார் என்கிறார். ஹெசியட்டில் சீட்டும் இல்லை, குலுக்கலும் இல்லை. போரில் ஜெயித்த ஜீயஸை மற்ற தெய்வங்களே அரசனாகச் சொல்ல, அவர்தான் ஆளுக்கொரு பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கிறார். பாபிலோனிய அத்ராஹசிஸ் காவியத்திலோ தொடக்கத்திலேயே சீட்டுப் போடுகிறார்கள். அனுவுக்கு வானம், என்லிலுக்கு பூமி, எங்கிக்கு நீர். கிரேக்கக் கதைக்குள் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்று அங்கே போனால் இயல்பாக உட்கார்ந்துவிடுகிறது.

ஹெசியட்டைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை, அவருடைய கதைக்கான சான்று பச்சையாகவே கிடைத்துவிட்டது. துருக்கியில் ஹத்துசா என்ற ஹிட்டைட் தலைநகரை 1906 முதல் தோண்டியபோது ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் வந்தன. அவற்றில் ஒரு கதை: வான தெய்வம் அனுவின் ஆண்குறியைக் குமார்பி என்ற தெய்வம் கடித்து விழுங்கிவிடுகிறான், அவன் வயிற்றில் புயல் தெய்வம் வளர்ந்து கடைசியில் ஆட்சிக்கு வருகிறது. ஹெசியட்டில் தன் அப்பாவான வான தெய்வம் ஊரானஸை அரிவாளால் அறுத்த குரோனஸ், பெற்ற பிள்ளைகளை விழுங்கிய அதே குரோனஸ், தப்பிப் பிழைத்து ஆட்சியைப் பிடித்த இடிக்கடவுள் ஜீயஸ் எல்லாம் ஞாபகம் வருகிறார்கள் அல்லவா? ஹத்துசா கி.மு. 1180 வாக்கில் அழிந்துபோனது. ஹெசியட் பாடியது அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து.

எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. கிரேக்கர்கள் களிமண்ணில் குத்தி எழுதிய ஆப்பெழுத்துப் பலகையை வாங்கி உட்கார்ந்து படித்தார்கள் என்று நான் நம்பவில்லை. சைப்ரஸிலும் வட சிரியாவின் கரையிலும் இரண்டு மொழி பேசிய வீடுகள் இருந்திருக்கும், இரண்டு மொழியிலும் பாடத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள், வாய்வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஹோமரே இதற்கு இடம் கொடுக்கிறார். வெளியூரிலிருந்து மெனக்கெட்டு யாரையெல்லாம் கூப்பிடுவார்கள் என்று அவருடைய இன்னொரு காவியமான ஒடிசியில் ஒரு பேச்சு வரும்: குறி சொல்பவன், வைத்தியன், தச்சன், அப்புறம் பாடகன். இலியட்டில், நாயகன் அக்கிலீஸ் தன் நண்பன் பத்ரோக்ளஸின் சாவுக்கு நடத்தும் பந்தயத்தில் ஓட்டத்துக்குப் பரிசு ஒரு வெள்ளிக் கிண்ணம். சிடோன் ஊர்க் கைவினைஞர்கள் செய்தது, இன்றைய லெபனான் கரையில் வாழ்ந்த பினீசியர்கள் கடல் கடந்து கொண்டுவந்தது, உலகத்திலேயே அதைவிட அழகானது இல்லை என்று ஹோமர் கூசாமல் சொல்கிறார். கிண்ணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல அவருக்குத் தயக்கமே இல்லை. அவர் சார்பாக நாம் ஏன் தயங்க வேண்டும்?

எழுத்தும் அப்படித்தான் வந்தது. ஆல்ஃபா, பீட்டா என்ற பெயர்களுக்குக் கிரேக்கத்தில் ஒரு பொருளும் இல்லை. பினீசிய மொழியில் ஆலெஃப் என்றால் மாடு, பேத் என்றால் வீடு. தையல் தெரிகிற இன்னொரு இடம்.

கடைசியாக, என்னை இதற்குள் இழுத்துவிட்ட இடம். பதினெட்டாம் காண்டத்தில், கொலை செய்து பழகிய தன் கைகளைச் செத்த நண்பனின் மார்பில் வைத்து அக்கிலீஸ் அழுகிறான், வேடன் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்ட சிங்கத்தைப் போல. கில்காமேஷும் செத்துப்போன தன் நண்பன் எங்கிடுவின் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறான், துடிப்பு இல்லை. மணப்பெண்ணுக்கு மூடுவதுபோல நண்பனின் முகத்தை மூடிவிட்டு, குட்டிகளை இழந்த சிங்கத்தைப் போல முன்னும் பின்னும் நடக்கிறான். அங்கே பெண் சிங்கம். ஹோமரிடம் வரும்போது அது தாடி வைத்த ஆண் சிங்கமாகிவிடுகிறது, அந்த வேடனின் தடத்தைத் தேடி மலைப்பள்ளங்களில் அலைகிறது. கல்லூரி நாட்களில் இந்த இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதை வைத்துக்கொண்டு ‘சுட்டுவிட்டார்’ என்று சொல்பவர்கள் அடுத்த காண்டத்தையும் படிக்க வேண்டும். ஆறு பகல் ஏழு இரவு எங்கிடுவைப் புதைக்க விடாமல் அழுதேன், அவன் மூக்கிலிருந்து ஒரு புழு விழும்வரை விடவில்லை என்று கில்காமேஷ் சொல்கிறான். அந்தப் புழுவைப் பார்த்த பிறகுதான் அவனுக்குத் தன் சாவின் பயம் பிடிக்கிறது, காட்டுக்கு ஓடுகிறான். அக்கிலீஸுக்கும் அதே கவலை. நான் போருக்குப் போன நேரத்தில் ஈ மொய்த்து, காயங்களில் புழு வைத்துவிடுமே என்று தன் தாய் தெட்டிஸிடம் சொல்கிறான். அவன் காட்டுக்கு ஓடவில்லை, தன் சாவு அடுத்து வரும் என்று தெரிந்தே சண்டைக்குக் கிளம்புகிறான். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தத் தாய் பத்ரோக்ளஸின் மூக்கு வழியாக அமுதத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள், உடல் கெடாமல் இருக்க.