காயில் மேல பழி போடுறதுக்கு முன்னாடி...

பழைய டூ-ஸ்ட்ரோக் புல்வெட்டி எஞ்சின் ஸ்டார்ட் ஆகலைன்னு யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. அடுத்த கேள்வியே "பாயிண்ட்டா, எலக்ட்ரானிக் இக்னிஷனா?"ன்னுதான் வரும். (திறந்து மூடுற உலோக முனைகளால பொறியைக் கட்டுப்படுத்துறது பாயிண்ட்; அதே வேலையை மின்னணு பாகம் செஞ்சா எலக்ட்ரானிக்.) எலக்ட்ரானிக்னு சொன்னா போதும், தீர்ப்பு ரெடி: "காயில் போயிருக்கும், மாத்திடு." பிளக்ல பொறி வர மின்சாரம் தர்ற கம்பிச் சுருள்தான் காயில். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு சொல்வாங்களே, எஞ்சினுக்குள்ள அந்த ஆண்டி இந்த காயில்தான்.

நானும் அந்தத் தீர்ப்பை நம்பினவன்தான். வருஷக்கணக்கா மூலையில கிடந்த ஒரு எஞ்சினைத் தூசி தட்டி எடுத்தேன். கயிறை இழுத்தா பிளக்ல ஒரு பொறி கூட இல்ல. யோசிக்காம புது காயில் வாங்கி மாட்டினேன். மறுபடி இழுத்தேன். அப்பவும் இல்ல!

உள்ள நடக்குறது ரொம்பச் சின்ன விஷயம். எஞ்சினோட சேர்ந்து சுத்துற சக்கரமான ஃப்ளைவீல்ல ஒட்டியிருக்கற காந்தம் காயிலைத் தாண்டிப் போகும்போது அதுல மின்சாரம் பிறக்குது. எலக்ட்ரானிக்ல சிடிஐங்கற வகையா இருந்தா அது சில நூறு வோல்ட்டா, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கற ஒரு கண்டென்சர்ல சேருது. சரியான நேரத்துல எஸ்சிஆர்னு ஒரு மின்னணு கதவு திறந்து, சேர்ந்ததை மொத்தமா இக்னிஷன் காயிலுக்குள்ள கொட்டுது. அது பல ஆயிரம் வோல்ட்டா பெருகி பிளக்குக்குப் போகுது. தேயுறதுக்கு அதுல எதுவுமே இல்ல. எஞ்சினை நிறுத்தணும்னா ஸ்விட்ச்ல இருந்து வர்ற ஒரே ஒரு ஒயர், அந்த மின்சாரத்தை பாடிக்கு எர்த் பண்ணிடும். அவ்வளவுதான்.

என் காலை வாரினது அந்த ஒயர்தான். ஃப்ளைவீலை மூடுற தகரக் கவசத்தோட ஓரத்துல, கிளிப்புக்கு அடியில, பிளாஸ்டிக் தேய்ஞ்சு செம்பு தெரிஞ்சுது. கடுகு அளவு இடம். வருஷக்கணக்கா அதிர்ந்து அதிர்ந்து தகரமே அதை அறுத்திருக்கு. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாதான் தெரியும். ஒயரைக் காயில்ல இருந்து கழட்டிட்டு இழுத்தேன், நீலமா 'டிக் டிக்'னு பொறி. பழைய காயிலைத் திரும்ப மாட்டினேன். அதுலயும் அதே நீலம்.

அதனால, ஸ்பார்க் இல்லைன்னா முதல்ல அந்த நிறுத்துற ஒயரைக் கழட்டுங்க. அப்புறம் காந்தத்துலயும் காயிலோட இரும்புக் காலுலயும் துரு இருக்கான்னு பார்த்து உப்புத்தாள் போடுங்க. ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி பல எஞ்சின்ல 0.25 முதல் 0.3 மி.மீ. இடைவெளி அளக்கற தகடான ஃபீலர் கேஜ் இல்லைன்னா விசிட்டிங் கார்டு ஒன்னைச் சொருகி ஸ்க்ரூவை முடுக்கினா ஏறக்குறைய சரியா வரும். ஸ்பார்க் நல்லா இருந்தும் ஸ்டார்ட் ஆகாம, கயிறு கையை வெடுக்குனு திருப்பி இழுக்குதா? ஃப்ளைவீலுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல, ரெண்டையும் நகராம பிடிச்சிருக்கற சின்ன உலோகத் துண்டை, அதாவது சாவியைப் பாருங்க. அது பாதி அறுந்து ஃப்ளைவீல் லேசா நகர்ந்திருந்தாலே டைமிங் காலி, பொறி தப்பான நேரத்துல வரும். ஒன்னு மறந்துடாதீங்க: பிளக்கைக் கழட்டி, பிளக்குக்குப் போற ஒயரை அந்தரத்துல தொங்கவிட்டுட்டு இழுக்காதீங்க. போக வழியில்லாத வோல்டேஜ் காயிலுக்குள்ளயே வழி தேடும். நல்லா இருந்த காயிலையும் சோதனைங்கற பேர்லயே கொன்னுடலாம்.

"அந்தக் காலத்து பாயிண்ட் போல வருமா, நாமளே ரிப்பேர் பண்ணிக்கலாம்"னு சொல்றவங்க இருக்காங்க. நிறைய எஞ்சின்ல பாயிண்ட் ஃப்ளைவீலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். தீய்ஞ்சு போனதைத் தேய்க்க ஒவ்வொரு தடவையும் ஃப்ளைவீலைக் கழட்டணும். எனக்கு அந்த ஏக்கம் சுத்தமா இல்ல. ஆனா ஒன்னு ஒத்துக்கறேன், பிசின் ஊத்தி அடைச்ச காயில் நிஜமாவே செத்தா அதைப் பிரிச்சு ரிப்பேர் பண்ண வழியில்ல.

நிஜமா செத்ததை எப்படிக் கண்டுபிடிக்கறது? எஞ்சின் சூடானதும் ஸ்விட்ச் போட்ட மாதிரி பொட்டுனு நிக்கும். அந்த நிமிஷமே ஸ்பார்க் பார்த்தா இருக்காது. ஆறினதும் திரும்ப வரும். அது காயில்தான், தாராளமா மாத்துங்க.

என்னோடது அப்படி நிக்கல. கால் மணி நேரம் ஓடிச்சு, அப்புறம் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே 'வீஈஈ'ன்னு தானா வேகம் ஏறி, திணறி நின்னுச்சு. பார்த்தவங்க எல்லாரும் திரும்ப காயிலைத்தான் கைகாட்டினாங்க. இந்த வகை டூ-ஸ்ட்ரோக்ல, பிஸ்டனுக்குக் கீழ இருக்கற அறையான கிராங்க் கேஸே பெட்ரோல்-காத்து கலவையைத் தள்ளுற ஒரு பம்ப். ஜோசப் டே 1891-ல காப்புரிமை வாங்கின அந்த யோசனைதான் இன்னைக்கு வரைக்கும் இந்தச் சின்ன எஞ்சின்களோட உயிர். அந்தப் பம்புல ஓட்டை விழுந்தா வெளிக்காத்து உள்ள புகுந்து கலவையில பெட்ரோல் குறையும். பெட்ரோல்ல கலந்துதானே ஆயில் போகுது, அதுவும் சேர்ந்து குறையும். சூடேறி கடைசியில பிஸ்டன் பிடிச்சுக்கும்.

கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வச்சு அடைச்சு, பிஸ்டனை அடிமட்டத்துல நிறுத்தி, பிளக் துவாரம் வழியா 5 பிஎஸ்ஐ காத்து ஏத்தி, சோப்புத் தண்ணி தடவினேன். ஃப்ளைவீல் பக்கத்துல ஷாஃப்ட் வெளிய வர்ற இடத்தை அடைக்கற வளையமான ஆயில் சீல்ல பொசுபொசுன்னு நுரை. நோண்டி எடுத்தா அதோட ரப்பர் உதடு நகம் பதியாத அளவுக்கு விறைச்சிருந்துச்சு. ஃப்ளைவீலுக்குப் பின்னாடி யார் கண்ணுக்கும் படாத இடம்.

என் ஆத்திரமே இங்கதான். வெளியில பளபளன்னு பெயிண்ட், புது ஸ்டிக்கர், புது காயில் போட்டு 'ரெஸ்டோர் பண்ணது'ன்னு விக்கிறாங்க. சீல் அதே பழசு. வாங்கினவன் ரெண்டாவது வாரமே பிஸ்டன் பிடிச்சு சீஸ் ஆன எஞ்சினை வச்சுக்கிட்டு முழிக்கிறான். எனக்கு பெயிண்ட் உரிஞ்ச எஞ்சினே போதும்.

ரெண்டு பக்கமும் சீல் மாத்தி, எக்ஸாஸ்ட் துவாரத்துல கல்லாட்டம் இறுகியிருந்த கரியை மரக்குச்சியால சுரண்டி, 25:1 கலவை, அதாவது லிட்டருக்கு 40 மில்லி ஆயில் ஊத்தினேன். மூணாவது இழுப்புல பிடிச்சுது. இப்ப தானா வேகம் ஏறுறதில்ல.

ஓடுறது பழைய காயில்லதான். புதுசு பெட்டியிலயே கிடக்கு. வேணுங்கறவங்க கேளுங்க, தர்றேன். ஆனா அந்த ஒயரைக் கழட்டிப் பார்த்துட்டு வந்து கேளுங்க.