பங்குதாரருக்கு ஒரு கணக்கு, தொழிலாளிக்கு ஒரு கணக்கு

இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒன்றாக இணையும் அறிவிப்பில், ஆண்டுக்கு இத்தனை கோடி மிச்சமாகும் என்று ஒரு தொகை அநேகமாக இருக்கும். அதற்கு ‘சினெர்ஜி’ என்று ஒரு கம்பீரமான பெயரும் உண்டு. அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு சம்பளப் பிரிவுகளில் ஒன்று, இரண்டு கிடங்குகளில் ஒன்று, ஒரே வட்டாரத்தைச் சுற்றிவந்த இரண்டு விற்பனைப் பிரதிநிதிகளில் ஒருவர் என்று அதில் கணிசமான பகுதி மனிதர்களாகவே இருக்கிறது. முதலீட்டாளர்களிடம் பெருமையோடு சொல்லப்படும் இந்தக் கணக்கு, தொழிற்சங்கம் கேட்கும்போது மட்டும் ‘இன்னும் முடிவாகவில்லை’ என்றாகிவிடுகிறது.

இணைப்புகளுக்கு அனுமதி தரும் போட்டி ஆணையங்கள் பெரும்பாலும் விலை உயருமா, போட்டி குறையுமா என்றுதான் பார்க்கின்றன. வேலை இழப்பு தொழிலாளர் துறையின் விஷயம் என்பது அவர்களின் நிலை. நானும் ஒரு காலத்தில் அதைச் சரியென்றே நினைத்தேன். ஆனால் தொழிலாளர் துறை தலையிடும் நேரத்தில் இணைப்பு முடிந்து, கேட்பதற்கான அதிகாரமும் கைநழுவிப் போயிருக்கும்.

பிரிட்டனின் கேட்பரி நிறுவனத்தை வாங்க முயன்றபோது, மூடப்படவிருந்த சாமர்டேல் தொழிற்சாலையைத் தொடர்ந்து நடத்த முடியும் என்று அமெரிக்காவின் கிராஃப்ட் நிறுவனம் சொன்னது. 2010 பிப்ரவரியில் நிறுவனம் கைக்கு வந்த சில நாள்களிலேயே, அதை மூடி உற்பத்தியைப் போலந்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. சுமார் 400 பேரின் வேலை அது. கையகப்படுத்தல்களைக் கண்காணிக்கும் குழு கிராஃப்டைக் கண்டித்தது. பின்னர் விதிகளும் திருத்தப்பட்டன. தொழிற்சாலை என்னவோ திறக்கவில்லை.

தென்னாப்பிரிக்கா வேறு வழியில் போனது. அந்நாட்டின் 1998ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், இணைப்பால் வேலைவாய்ப்புக்கு என்ன ஆகும் என்பதையும் எடைபோடச் சொல்கிறது. அங்குள்ள மாஸ்மார்ட் என்ற சில்லறை வணிக நிறுவனத்தை அமெரிக்காவின் வால்மார்ட் வாங்கியபோது, இணைப்பைக் காரணம் காட்டி இரண்டு ஆண்டுகளுக்கு ஆட்குறைப்பு செய்யக்கூடாது என்று 2011இல் நிபந்தனை விதிக்கப்பட்டது. முன்னதாக வெளியேற்றப்பட்டிருந்த 503 தொழிலாளர்களை மீண்டும் பணியமர்த்துமாறு 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. வால்மார்ட் ஓடிவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

நொடிந்துபோகும் நிறுவனத்தை யாராவது வாங்கினால்தான் மிச்சமுள்ள வேலைகளாவது பிழைக்கும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. அத்தகைய நிலையில், எத்தனை வேலைகள் போகும், எத்தனை நிற்கும் என்பதை எழுத்தில் கேட்பது இன்னும் அவசியமாகிறது.

மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் வீடியோ கேம் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்கி முடித்தது. 2024 ஜனவரியில் தன் வீடியோ கேம் பிரிவில் 1,900 பேரைக் குறைத்தது. ஆக்டிவிஷன் தனித்து இயங்கிய காலத்திலேயே ஆட்குறைப்புக்குத் திட்டமிட்டிருந்தது என்று பின்னர் விளக்கம் வந்தது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் திட்டம் அனுமதிக்கு முன்பே ஆணையத்தின் மேசைக்கு வந்திருக்க வேண்டாமா? முதலீட்டாளருக்குக் காட்டும் சேமிப்புக் கணக்கை, அதில் அடங்கிய பணியிட எண்ணிக்கையோடு விண்ணப்பத்தில் இணைக்கச் சொல்லட்டும். அந்த எண்ணிக்கையை மீறி ஆட்குறைப்பு செய்தால் அபராதம் என்று அனுமதி உத்தரவிலேயே எழுதட்டும்.