அந்த எலும்பு சர்ச் ரீல் பற்றிக் கடைசியாக ஒருமுறை

சரி, பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. மனித எலும்புகளால் அலங்கரித்த ஒரு சர்ச்சுக்குள் ஒரு தமிழ் அண்ணன் எடுத்துப் போட்ட அந்த ரீலை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி ஷேர் பண்ணி அதற்கு வியூஸ் ஏற்றிவிட எனக்கு விருப்பமில்லை. "ஐரோப்பாவின் பேய் சர்ச், சூனியக்காரிகளைக் கொன்று கட்டியது" என்று தலைப்பு, பின்னால் பேய்ப்பட இசை, மண்டையோட்டுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு ஷாட். நான் கீழே போட்டது சின்ன கமெண்ட். உள்ளே போட்டோ எடுக்க அனுமதி இல்லை, அது கல்லறை, சூனியக்காரி கதை பொய். அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களைத்தான் பார்த்தீர்களே! "வெளிநாட்டில் இருந்தால் கொம்பு முளைத்துவிடுமா", "டிக்கெட் கிழிக்கிற வேலையா உங்களுக்கு", அப்புறம் இங்கே எழுத முடியாத ஒன்று, என் அம்மாவைப் பற்றி.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். செக் நாட்டில் குட்னா ஹோரா என்ற ஊர். ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கத்தால் கொழித்த ஊர். அதன் ஓரத்தில் செட்லெட்ஸ், அங்கே ஒரு துறவி மடம். 1278-ல் அரசர் இரண்டாம் ஒட்டாகர் அந்த மடத்தின் தலைவரைப் புனித நாட்டுக்கு அனுப்ப, அவர் இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதாவிலிருந்து ஒரு கைப்பிடி மண் கொண்டுவந்து அங்கிருந்த இடுகாட்டில் தூவினார் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. அதன் பிறகு அந்த மண்ணில் புதைக்கப்பட வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ ஆசைப்பட்டார்கள். 14-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய், 15-ஆம் நூற்றாண்டில் ஹுஸ்ஸைட் போர்கள் என்ற மதச் சண்டைகள், இடுகாடு நிரம்பி வழிந்தது. புதிய பிணத்துக்கு இடம் வேண்டுமென்றால் பழைய எலும்பை எடுத்து எங்காவது வைத்தாக வேண்டும் இல்லையா? அப்படி வைத்த இடம்தான் அந்தச் சின்ன தேவாலயத்தின் கீழ்த்தளம். 40,000 முதல் 70,000 பேர் வரை என்கிறார்கள். இதில் சூனியக்காரி எங்கே வந்தாள்? நோயில் செத்த விவசாயி, சண்டையில் வெட்டுப்பட்டவன், பிள்ளை பெறும்போது போன பெண், எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். அது கல்லறை. டிக்கெட் கொடுத்தாலும் கல்லறைதான், இன்ஸ்டாவில் வந்தாலும் கல்லறைதான்.

அம்மா ஜெர்மனிக்கு என்னிடம் வந்திருந்தபோது கூட்டிப் போனேன். செக் தலைநகர் பிராக்கில் கோட்டை, பாலம், கடிகாரம் என்று பார்த்துப் பார்த்து அவருக்கே சலித்துப் போயிருந்தது. கீழே படி இறங்கியதும் நடுவில் அந்த எலும்புச் சரவிளக்கு தொங்கும், மனித உடலில் இருக்கிற ஒவ்வொரு எலும்பும் குறைந்தது ஒன்றாவது அதில் இருக்கிறது என்பார்கள். அம்மா அதை நிமிர்ந்து ஒருமுறை பார்த்ததோடு சரி. அவர் நின்றது கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் மண்டையோடுகள் பக்கத்தில். ஆயுதத்தால் பிளந்தவை. ஒரு பிளவை உற்றுப் பார்த்துவிட்டு, "யார் பெத்த பிள்ளையோ" என்றார். அப்புறம் பிராக் ஹோட்டலுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு அகோரப் பசி, ரயிலில் முழுக்கக் கடுப்பு. ஆனால் அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து நின்றவர் அவர்தான். அவரைத்தான் ஒரு பொறுக்கி கேலி பண்ணி எழுதியிருக்கிறது.

"அப்படியானால் எலும்பில் விளக்கு செய்தவனைக் கேளுங்களேன்" என்று ஒரு தம்பி மரியாதையாகவே கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1870-ல் ஷ்வார்ஸன்பெர்க் பிரபு குடும்பம் அமர்த்திய மரச்சிற்பி ஃபிரான்டிஷெக் ரின்ட் செய்த வேலை அது. அந்தக் குடும்பத்தின் சின்னத்தையே எலும்பில் செய்து வைத்திருக்கிறார், அதில் ஒரு காக்கை துருக்கியனின் கண்ணைக் கொத்துகிறது. போதாததற்குச் சுவரில் தன் பெயரையும் எலும்பாலேயே எழுதியிருக்கிறார். பார்க்க எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் அவர் 150 வருஷத்துக்கு முந்தைய ஆள், தம்பி. அவர் செய்துவிட்டார் என்பதற்காக நாமும் போய் நாக்கை நீட்டலாம் என்பது என்ன கணக்கு?

"காசு வாங்குகிறார்களே" என்பதற்கு எனக்குப் பொறுமையே இல்லை. அங்கே கோபுரம் கோபுரமாக அடுக்கி வைத்த எலும்புகளைப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி அடுக்குவது வருஷக்கணக்கான வேலை, யார் கொடுப்பார்கள் காசு?

"வெள்ளைக்காரன் செய்தால் கேட்பீர்களா" என்பது அடுத்தது. ஐயா, அந்தப் போட்டோ தடையே எல்லா நாட்டுக்காரர்களும் ஆடிய ஆட்டத்தால்தான் 2020 ஜனவரியில் வந்தது. மண்டையோட்டுக்குத் தொப்பி மாட்டுவது, கறுப்புக் கண்ணாடி போடுவது, முத்தம் கொடுப்பது. அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்கள் தமிழில் ரீல் போட்டிருந்தால் அங்கேயும் வந்து எழுதியிருப்பேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறவர்களுக்கு. பெரியப்பா இறந்தபோது கனடாவிலிருந்து அக்காவால் வர முடியவில்லை, வீடியோ காலில் காட்டினோம். அது வேறு, அது மகள். ஆனால் சொந்தத்திலேயே ஒரு பையன் மூக்கில் பஞ்சு வைத்த அந்த முகத்தைக் கிட்டப் போய்ப் படம்பிடித்து, சோகப் பாட்டு போட்டு, கறுப்பு வெள்ளை ஆக்கி ஸ்டேட்டஸில் வைத்தான். யார் யாரோ கீழே அழுகிற பொம்மை போட்டார்கள். பெரியப்பா வேட்டி மடிப்புக் கலைந்து வாசலுக்குக்கூட வராத மனுஷன். பையனைக் கேட்டால், "பாசத்தில்தானே போட்டேன்" என்றான். இந்த ரீல் அண்ணனும் "விழிப்புணர்வுக்குத்தான்" என்கிறார். எதற்கு விழிப்புணர்வு?

ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்று ஏரிக்கரை ஊர், உங்கள் பயணக் குழுக்கள் எல்லாம் உயிரை விடுகிற இடம். அங்கேயும் ஒரு எலும்பு அறை உண்டு. மலைக்கும் ஏரிக்கும் நடுவே இடமில்லாத ஊர், அதனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் குழியைத் திறந்து, மண்டையோட்டை வெயிலில் உலர்த்தி, பூவும் இலையும் வரைந்து, பெயர் எழுதி வைத்தார்கள். 600-க்கும் மேல் அப்படி வரைந்தவை. கடைசியாக 1995-ல் வைத்தது 1983-ல் இறந்த ஒரு பெண்மணியுடையது, அவரே கேட்டுக்கொண்டபடி. தங்கப்பல் இன்னும் இருக்கிறது. நம் காலத்து மனுஷி! அதன் பக்கத்திலும் நாளைக்கு ஒருத்தர் நாக்கை நீட்டுவார், "பேய்ப் பாட்டி" என்று தலைப்பும் வைப்பார்.

விசித்திரமான இடங்களுக்குப் போகாதே என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, திரும்பத் திரும்ப என் வாயில் அதைத் திணிக்காதீர்கள். தாராளமாகப் போங்கள். பிராக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான், ஊரின் மெயின் ஸ்டேஷனே செட்லெட்ஸ் பக்கம்தான், நடந்தே போய்விடலாம். புனித பார்பரா தேவாலயம் ஊரின் மறுகோடியில், அதையும் விட்டுவிடாதீர்கள். போனை மட்டும் பைக்குள் போடுங்கள்.

அம்மாவைப் பற்றி எழுதியதை பிளாக் பண்ணியாயிற்று. மற்றவர்கள் திட்டுவதாக இருந்தால் இங்கேயே திட்டுங்கள், வேலை முடிந்து வந்து சாயங்காலம் பதில் சொல்கிறேன்.