மிச்சக் கடதாசி

"இதழைத்தான் ஸ்கேன் பண்ணியாச்சே அண்ணை, மிச்சக் கடதாசி எதுக்கு?" சனிக்கிழமை இலக்கியக் கூட்டத்தில், ஒரு பழைய சிற்றிதழின் கடிதம், தபாலட்டை என்று மிஞ்சிய கட்டைக் காட்டி ஒரு தம்பி இப்படிக் கேட்டார், சபை சிரித்தது. யார், எந்த மண்டபம் என்று எழுதப் போவதில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான் மூன்று நாளாக உறுத்துகிறது.

அந்த மிச்சக் கடதாசிதான் ஐயா இதழ்.

1955இல் ஈழத்து எழுத்தாளர் வரதரும் கவிஞர் மஹாகவியும் கவிதைக்கென்றே 'தேன்மொழி'யைக் கொண்டுவந்தார்கள். ஆறு இதழோடு நின்றுபோனது. ஆறையும் ஒரே இருப்பில் வாசித்துவிடலாம். ஆனால் ஒரு சிற்றிதழ் ஏன் நின்றது என்பது இதழிலா இருக்கும்? அச்சுக்கூலி பில்லில் இருக்கும், வராத சந்தாக் காசுக்கட்டளையில் இருக்கும்.

அன்று மேசையில் கிடந்தது அதைவிடச் சின்ன இதழொன்றின் கட்டு. அதிலிருந்த தபாலட்டையை யாராவது பார்த்தீர்களா? ஊதா மை. 'மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது. திருத்தி அனுப்பினால் அடுத்த இதழில் போடலாம்.' அனுப்பாமல் விட்ட அட்டை, முத்திரை குத்தப்படவில்லை. அந்தக் கவிஞரை அடுத்த இதழில் தேடினேன். அதற்கடுத்ததிலும் தேடினேன். இல்லை. இது எந்த ஸ்கேனில் வரும்?

நம் நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் பண்ணி இணையத்தில் வைக்கும் 'நூலகம்' நிறுவனம் செய்யும் வேலையைக் குறை சொல்கிறாயா என்று ஒருவர் வருவார். இல்லை. 2005இலிருந்து அவர்கள் இல்லாவிட்டால் நம்மிடம் பாதியும் இராது. கையெழுத்துப் பிரதிகளையும் எடுப்பவர்கள்தான். ஸ்கேன் ஆனதும் கட்டை எறியலாம் என்கிற நம் ஆட்களைத்தான் சொல்கிறேன்.

இடமில்லையாம். கொழும்பில் சதுர அடி என்ன விலை என்று எனக்கும் தெரியும். ஆனால் கேட்பது ஒரு பெட்டிக்கு இடம். பொன்னாடையும் கேடயமும் அடுக்க அலுமாரி இருக்கிறதே?

ஒவ்வொரு ஜூனிலும் யாழ் நூலகம் எரிந்ததைப் பதிவு போடுகிறோம், 1981, ஏறத்தாழ 97,000 நூல்கள். நானும் போடுகிறேன். அது அவர்கள் எரித்தது. போத்தல் பேப்பர்காரரைக் கூப்பிட்டு நிறுத்துக் கொடுத்தது யார்?

நான்தான். வெள்ளவத்தையில் அனெக்ஸை விட்டு ஃபிளாட்டுக்கு மாறியபோது அம்மப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். இதழ்களுக்கு அவர் அனுப்பிய கவிதைகள், திரும்பி வந்த கடிதங்கள். கடற்காற்றில் குண்டூசி துருவேறி, ஒவ்வொரு தாளிலும் பழுப்புப் பொட்டு. "அம்மா, இதெல்லாம் என்னத்துக்கு?" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை, வாசலில் நின்று தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு கிலோ. அந்தக் காசுக்கு அன்றிரவு கொத்துரொட்டி வாங்கினோம். அம்மா சாப்பிடவில்லை, பசியில்லை என்றார். நம்பினேன்.

தம்பி, உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சரி, கோபம்தான். நாளைப் பின்னேரம் ஓட்டோ பிடித்து வந்து அந்தக் கட்டை எடுத்துப்போகிறேன். அதுவரை யாரும் தராசைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.