மேகி ஹாப்ஸனை அந்தச் சொல்லால் அழைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைத் திரையிடலுக்கு வந்திருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது தெரியும்: படத்தின் நாயகி மேகியை மேடையில் ‘முதிர்கன்னி’ என்று சொன்னதைப் பற்றி. அன்றைக்கே எழுந்து பேசியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டதால் பேச முடியவில்லை.

டேவிட் லீன் 1954இல் எடுத்த ‘ஹாப்ஸன்ஸ் சாய்ஸ்’ படம் முடிந்ததும் உரையாற்றிய நண்பர், பூட்ஸ் கடை முதலாளி ஹாப்ஸனாக நடித்த சார்லஸ் லாட்டன் குடிபோதையில் தெருவில் தேங்கிய நீரில் தெரியும் நிலாவைத் துரத்தும் காட்சியை மிக அழகாக விளக்கினார். ஜாக் ஹில்டியார்டின் ஒளிப்பதிவைப் பற்றியும், பெர்லின் விழாவில் படம் தங்கக் கரடி விருது பெற்றதைப் பற்றியும் சொன்னார். எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. ஹாப்ஸனின் மூத்த மகள் மேகியிடம் வந்தபோது மட்டும், “ஒரு முதிர்கன்னி கடைப் பையனை மடக்கிப்போட்ட வியாபாரக் கதை, இதில் காதல் எங்கே இருக்கிறது?” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அரங்கமும் சிரித்தது.

காதல் இருக்கிறது. ஸால்ஃபோர்டில் 1880இல் ஒரு பூட்ஸ் கடையின் நிலவறையிலிருந்து, தரைக்கதவைத் திறந்துகொண்டு தயங்கித் தயங்கி மேலே வரும் தொழிலாளி வில் மாஸப்பிடம், மேகி முதலில் கேட்பது கைகளைக் காட்டும்படிதான். அழுக்காக இருக்கின்றன என்று அவன் கூசுகிறான். அழுக்குத்தான், ஆனால் கெட்டிக்காரக் கைகள் என்கிறாள் அவள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் ஒருவனை, தன் அப்பன் வெறும் கூலியாளாக மட்டுமே பார்த்த ஒருவனை, அந்த ஊரிலேயே சிறந்த தொழிலாளி என்று முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருத்தி அவள். ஒருவருடைய வேலையின் நேர்த்தியைப் பார்த்து மனத்தைக் கொடுப்பது காதல் இல்லையென்றால், நாம் எதைக் காதல் என்கிறோம்?

‘என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று அவள் கேட்கவில்லை, கட்டளையிட்டாள்’ என்று சொல்வீர்கள். ஆம், கட்டளையிட்டாள். ஹெரால்டு பிரிக்ஹவுஸ் 1915இல் எழுதிய மூல நாடகத்திலும் அப்படித்தான். ஆனால் தகப்பன் அவளுக்கு என்ன வழி விட்டிருந்தான்? முப்பது வயதாகிவிட்டது, இனி உனக்குக் கல்யாணம் ஏது என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரிக்கிறான். மூன்று மகள்களும் கடையில் உழைக்கிறார்கள். ஒருத்திக்கும் சம்பளம் கிடையாது. திருமணமான பெண் தன் பெயரில் முழுமையாகச் சொத்து வைத்துக்கொள்ள இங்கிலாந்தில் சட்டம் வந்ததே 1882இல்தான். கதை அதற்கும் இரண்டு ஆண்டுகள் முந்தையது. நாடகத்தில் மேகி, இனி எட்டு மணி நேரம்தான் வேலை செய்வேன், வாரத்துக்கு 15 ஷில்லிங் கொடுங்கள் என்று தந்தையிடம் கேட்கிறாள். இத்தனை வருடம் இலவசமாக உழைத்த மகள் முதன்முறையாகத் தனக்கு விலை சொல்லும் அந்த இடத்தை எந்த ஆணவத்தின் கணக்கில் எழுதுவீர்கள்?

ஏற்கெனவே வில்லுக்கு ஏடா ஃபிகின்ஸ் என்ற பெண்ணோடு பேச்சு இருந்ததே, அதைக் கலைத்தது நியாயமா என்று ஒரு தோழி உள்பெட்டியில் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஏடாவுக்காக எனக்கும் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் ஏடாவின் தாயிடமிருந்து தப்பிக்கக் கிடைத்த வழியைக் கண்டு வில் விடும் பெருமூச்சைக் கவனியுங்கள். எனக்கு அது போதும்.

வில் மேகியை எப்போது முத்தமிடுகிறான் என்பதையும் யாரும் சொல்லவில்லை. ஹாப்ஸன் வாரை எடுத்து அவனை அடித்த பிறகுதான். அதுவரை அவளைக் கண்டு ஒடுங்கிக்கொண்டிருந்தவன், இன்னொரு அடி விழுந்தால் உன்னோடு கடையை விட்டே வெளியேறிவிடுவேன் என்று நிமிர்ந்து நிற்கிறான். அந்த நிமிர்வை ஜான் மில்ஸ் நடித்துக் காட்டும்போது மேகியாக வரும் பிரெண்டா டி பான்ஸியின் முகத்தைப் பாருங்கள். மடக்கிப்போட்டவளின் முகமா அது?

‘சினிமாவுக்கு ஏன் இவ்வளவு கோபம்’ என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் என் தாத்தாவின் பாத்திரக் கடைக் கல்லாவில் என் அத்தை இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். எடை, விலை, பழைய பாத்திரத்துக்குக் கழிவு, யார் வீட்டுச் சீர்வரிசைக்கு எத்தனை குடம் என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். வரன் வந்தபோதெல்லாம் ‘அவ போய்ட்டா கடைய யாரு பாக்கறது’ என்றார் தாத்தா. பிறகு வரன்கள் வருவது நின்றது. பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் அவரைப் பற்றிக் குரலைத் தாழ்த்தி, நண்பர் மேடையில் சொன்ன அதே சொல்லைச் சொல்லத் தொடங்கினார்கள். சித்தப்பா பெயருக்குக் கடை எழுதப்பட்ட அன்று, சாவிக்கொத்தைத் துடைத்துக் கொடுத்தவரும் அத்தைதான். அவரை யார் மடக்கிப்போட்டார்கள் என்று எவரும் கேட்டதில்லை.

இந்தப் படத்தை அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். மேகி கணவனுக்குப் பலகையில் எழுதப் பழக்கும் இடத்தில், “அந்தப் புள்ளைக்கு எழுத்து வந்துதாடீ?” என்று இரண்டு முறை கேட்டார். வந்தது அத்தை, கடைப் பலகையில் அவன் பெயர்தான் முதலில் வரப்போகிறது என்றேன். கடையிலிருந்த பித்தளை வளையத்தையே மோதிரமாகப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்றும், வசதி வந்த பிறகு அவன் தங்கத்தில் வாங்கித் தருகிறேன் என்றபோதும் பித்தளையைக் கழற்ற மாட்டேன் என்று மேகி சொன்னாள் என்றும் விளக்கினேன். அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு படத்தை அந்த இடத்துக்குத் திருப்பச் சொல்லி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு மிக அருகில் வந்து அந்த மோதிரத்தைப் பார்த்தார்.

அடுத்த மாதத் திரையிடலுக்கும் வருவேன். அந்தச் சொல்லை நண்பர் அங்கே திரும்பப் பெற வேண்டும்.